வெயிலும் இருக்கிறது, சல்பர் டை ஆக்சைடும் இருக்கிறது. ஆனாலும் சில நாட்களில் புதிய துகள் ஏன் பிறப்பதில்லை?

பைன்நிழல் (கேள்வி)

வணக்கம். பின்லாந்தின் ஹூட்டியாலாவில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் நடத்தும் ஸ்மியர் 2 என்ற காட்டுக் காற்று அளவீட்டு நிலையத்தின் தரவை ஸ்மார்ட்ஸ்மியர் தளத்திலிருந்து இறக்கி, மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான நாட்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காற்றில் மிதக்கும் துகள்களை அளவுவாரியாக எண்ணும் டி.எம்.பி.எஸ். கருவியின் துகள் அளவுப் பரவல் 3 நானோமீட்டரிலிருந்து தொடங்குகிறது. கூடவே சூரியக் கதிர்வீச்சு, வெப்பநிலை, ஈரப்பதம், சல்பர் டை ஆக்சைடு, ஓசோன் எல்லாம் இருக்கின்றன.

படித்தது இதுதான்: வெயிலில் ஓஹெச் ரேடிக்கல் என்ற வினைத்துடிப்புள்ள மூலக்கூற்றுத் துண்டு உருவாகும், அது சல்பர் டை ஆக்சைடைத் தாக்கி சல்பூரிக் அமில ஆவியாக்கும், அந்த ஆவி கூடித் துகளாகும். அப்படியானால் வெயிலும் சல்பர் டை ஆக்சைடும் கூடிய நாளில்தான் துகள் பிறக்க வேண்டும். தரவு அப்படிச் சொல்லவில்லை. சல்பர் டை ஆக்சைடு குறைவான, குளிரான ஏப்ரல் காலையில் முழு வாழைப்பழ வடிவம், அதாவது புதிய துகள்கள் பிறந்து மணிக்கணக்கில் வளர்வது அளவு–நேரப் படத்தில் வளைந்த பட்டையாகத் தெரிவது, வருகிறது. தெற்கிலிருந்து காற்று வந்து சல்பர் டை ஆக்சைடு ஏறிய வெயில் நாளில் ஒன்றுமே இல்லை. காடு அதிகமாக ஆவி விடும் ஜூலையில் வசந்தத்தைவிட இப்படித் துகள் பிறக்கும் நிகழ்வுகள் குறைவு.

கேட்க வந்தது: வானிலையில் எது உண்மையில் தீர்மானிக்கிறது? ஈரப்பதம் கூடினால் நிகழ்வு குறைகிறதே, அது காரணமா, கூட வருவதா? இதெல்லாம் சரி என்றால் பெய்ஜிங் போன்ற புகை நகரத்தில் எப்படிப் புதிய துகள் பிறக்கிறது?

சிங்க்கணக்கு (பதில்)

உங்கள் கணக்கில் வரவு மட்டும் இருக்கிறது, செலவு இல்லை. அதைச் சேர்த்தால் முதல் இரண்டு முரண்களும் அவிழ்ந்துவிடும்.

ஒரு நிகழ்வைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஆவி மூலக்கூறுகள் கூடி ஏறத்தாழ 1.5 நானோமீட்டர் கொத்தாகின்றனவா? அந்தக் கொத்து வளர்கிறதா? 3 நானோமீட்டரைத் தொடும் முன் ஏதாவது பெரிய துகளில் மோதி ஒட்டிவிடுகிறதா? உங்கள் கருவி காட்டுவது மூன்றையும் தாண்டி வந்ததை மட்டுமே. படத்தில் ஒன்றும் இல்லை என்பதால் கொத்தே பிறக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

செலவை அளப்பது கன்டென்சேஷன் சிங்க், அதாவது காற்றில் ஏற்கெனவே மிதக்கும் துகள்கள் ஒரு வினாடியில் ஆவியின் எந்தப் பங்கை வாரிக்கொள்கின்றன என்ற அளவு. கணக்கிடும் முறை: டி.எம்.பி.எஸ்.ஸின் ஒவ்வொரு அளவுத் தட்டிலும் விட்டத்தை எண்ணிக்கையால் பெருக்கி, மிகச் சிறு துகளில் ஆவி படிவது குறைவதைக் கணக்கில் கொள்ளும் ஃபுக்ஸ்–சுதுகின் திருத்தத்தாலும் பெருக்கி, எல்லாத் தட்டுகளையும் கூட்டுங்கள். பிறகு 2π-ஆலும் ஆவியின் பரவல் குணகத்தாலும் பெருக்குங்கள். சல்பூரிக் அமிலத்துக்குப் பரவல் குணகம் ஏறத்தாழ 0.1 சதுர செ.மீ./வினாடி. 100 நானோமீட்டர் துகளுக்குத் திருத்தம் 0.29 அளவில் வரும். ஒரு கன செ.மீ.யில் 100 நானோமீட்டர் துகள் 1000 இருந்தால் சிங்க் வினாடிக்கு 0.0018. அதாவது ஓர் அமில மூலக்கூறின் சராசரி ஆயுள் 9 நிமிடம். அதே துகள் 20,000 என்றால் சிங்க் 0.036, ஆயுள் அரை நிமிடத்துக்கும் குறைவு. ஹூட்டியாலாவின் தெளிவான நிகழ்வு நாட்கள் பெரும்பாலும் 0.001–0.003 வட்டத்தில் இருக்கும்.

இனி உங்கள் இரண்டு நாட்களைக் கணக்காகப் போடுவோம். ஓஹெச் கன செ.மீ.க்கு 10⁶, சல்பர் டை ஆக்சைடு 0.2 பிபிபி (நூறு கோடியில் 0.2 பங்கு), அதாவது கன செ.மீ.க்கு 5×10⁹ மூலக்கூறு. வினை வேகக் குணகம் 9×10⁻¹³ என்று வைத்தால் வினாடிக்கு 4500 அமில மூலக்கூறு பிறக்கிறது. சிங்க் 0.002 என்றால் சமநிலைச் செறிவு 2.2×10⁶. சிங்க் 0.008 ஆனால் 5.6×10⁵தான். வெயில் மாறவில்லை, சல்பர் டை ஆக்சைடும் மாறவில்லை, அமிலம் நான்கில் ஒன்றாகிவிட்டது.

சிங்க் அடிப்பது அத்தோடு நிற்காது. அதே பெரிய துகள்கள்தான் புதுக் கொத்துகளையும் விழுங்குகின்றன. 1.5 நானோமீட்டர் கொத்து மோதி மறையும் வேகம் அமில மூலக்கூறு மறையும் வேகத்தில் ஏறத்தாழ 0.28 பங்கு, அளவு கூடக் கூட இது விட்டத்தின் −1.7 அடுக்கில் குறையும். இந்தக் குறைவைச் சேர்த்து 1.5இலிருந்து 3 நானோமீட்டர் வரை எத்தனை பங்கு பிழைக்கும் என்று போட்டால்:

சிங்க் 0.002, வளர்ச்சி மணிக்கு 2 நானோமீட்டர்: 44 விழுக்காடு.
சிங்க் 0.002, வளர்ச்சி 1: 19 விழுக்காடு.
சிங்க் 0.008, வளர்ச்சி 2: 3.6 விழுக்காடு.
சிங்க் 0.008, வளர்ச்சி 4: மறுபடி 19 விழுக்காடு.

முதல் வரியையும் மூன்றாவதையும் ஒப்பிடுங்கள். சிங்க் நான்கு மடங்கானால் பிழைப்பது 12 மடங்கு குறைகிறது. கொத்து பிறக்கும் வேகம் அமிலச் செறிவின் முதல் அடுக்குக்கும் இரண்டாம் அடுக்குக்கும் இடையில் போகிறது என்று வைத்துக்கொண்டால் அதில் 4 முதல் 16 மடங்கு குறைவு. இரண்டும் சேர்ந்தால் 3 நானோமீட்டரில் தெரியும் துகள் 50 முதல் 190 மடங்கு வரை குறைந்துவிடும். உங்கள் வெயில் நாளில் ஒன்றும் தெரியாததற்கு இதுவே போதும்.

சல்பர் டை ஆக்சைடு ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இங்கே தெரிகிறது. தெற்கிலிருந்து, கண்டத்துக் காற்றோடு வரும்போது அது தனியாக வருவதில்லை. அதே புகையிலிருந்து வந்த பழைய துகள்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது. வடமேற்கிலிருந்து நார்வே கடலைத் தாண்டி வரும் காற்றில் அமிலத்துக்கான மூலப்பொருள் குறைவுதான், ஆனால் சிங்க் அதைவிடக் குறைவு. ஹூட்டியாலா நிகழ்வுகளின் வானிலை முகம் இதனால்தான் இப்படி இருக்கிறது: குளிர்காற்றின் முன்விளிம்பான குளிர்முகப்பு கடந்துபோயிருக்கும், மழை பழைய துகள்களைக் கழுவியிருக்கும், பின்னால் குளிர்ந்த, உலர்ந்த, மேகமற்ற காற்று இறங்கியிருக்கும். காலையில் தரை சூடேறி, காற்று மேலும் கீழும் கலக்கும் கலவை அடுக்கு உயரும்போது மேலிருந்து வரும் தூய காற்று சிங்க்கை இன்னும் நீர்த்துப்போக வைக்கும். தொடக்கம் பெரும்பாலும் சூரிய உதயத்துக்குச் சில மணி நேரம் கழித்தும் உச்சிப்பொழுதுக்கு முன்பும் அமைவதற்கு இந்தக் கலக்கலும் ஒரு காரணம். கதிர்வீச்சு மட்டும் அல்ல.

மேகத்தைத் தனியாகக் கவனியுங்கள். நாள் சராசரிக் கதிர்வீச்சு நன்றாக இருந்தும் காலை 8 முதல் 11 வரை மேகம் மூடியிருந்தால் நிகழ்வு பாதியில் அறுந்துபோகும். நாள் சராசரி எடுத்து ஒப்பிடுகிறீர்கள் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள்.

டெர்பீன்வாசம் (பதில்)

மேலே உள்ள கணக்கில் வளர்ச்சி வேகத்தை 2, 4 என்று கையால் போட்டிருக்கிறார். அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் காற்றின் சேர்மானம் முழுதாக நுழைகிறது. உங்கள் ஜூலைக் கேள்விக்கும் விடை இங்கேதான்.

சல்பூரிக் அமிலம் மட்டும் படிந்து மணிக்கு 1 நானோமீட்டர் வளர வேண்டுமானால் கன செ.மீ.க்கு ஏறத்தாழ 10⁷ மூலக்கூறு வேண்டும். ஹூட்டியாலாவில் நல்ல நாளில் சில 10⁶தான் இருக்கும். ஆனால் அளக்கப்படும் வளர்ச்சியோ மணிக்குச் சில நானோமீட்டர். மீதியைத் தருவது காடு. பைன் மரங்கள் விடும் ஆல்ஃபா பைனீன் போன்ற மோனோடெர்பீன்கள் ஓசோனோடும் ஓஹெச்சோடும் வினைபுரிந்து, அடுத்தடுத்துத் தானாகவே ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு, மிகக் குறைந்த ஆவியாகும் தன்மையுள்ள கரிமச் சேர்மங்களாகின்றன. துகளை வளர்ப்பவை இவை.

இங்கே ஒரு தடை இருக்கிறது. துகள் சிறிதாக இருக்கும்போது அதன் வளைந்த மேற்பரப்பிலிருந்து மூலக்கூறு எளிதில் திரும்ப ஓடிவிடும். பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன், மூலக்கூறு நிறை 300, அடர்த்தி 1.4 என்று வைத்து கெல்வின் விளைவைப் போட்டால், 2 நானோமீட்டர் துகளின் மேல் ஒட்டியிருக்கத் தேவையான ஆவி தட்டைப் பரப்பைப் போல 200 மடங்குக்கு மேல் வேண்டும். 10 நானோமீட்டரில் 3 மடங்கு போதும். ஆகவே பிறந்த துகளைத் தூக்கிவிடுவது மிகச் சில, மிகக் கனமான சேர்மங்கள். 10 நானோமீட்டர் தாண்டியபின் சாதாரண ஆக்சிஜனேற்றப் பொருட்களும் உதவிக்கு வரும். உங்கள் படத்தில் வாழைப்பழத்தின் அடிப்பகுதி மெதுவாகவும் மேற்பகுதி வேகமாகவும் ஏறுவதைப் பல நாட்களில் காண்பீர்கள்.

இப்போது வெப்பநிலை. அது நான்கு இடத்தில், எதிரெதிர்த் திசையில் வேலை செய்கிறது. சூடு கூடினால் மரம் விடும் மோனோடெர்பீன் கூடும்; வழக்கமான சூத்திரப்படி 10 பாகைக்கு ஏறத்தாழ 2.5 மடங்கு. அந்தத் தன் ஆக்சிஜனேற்றமும் சூட்டில் வேகமாகும். ஆனால் அதே சூட்டில் பிறந்த கொத்து உடைந்து திரும்ப ஆவியாவதும் வேகமாகும், ஒரே சேர்மத்தின் ஆவியாகும் தன்மையும் கூடும். வசந்தத்தில் கொத்து குளிரில் நிலைத்து நிற்கிறது, கதிர்வீச்சு ஏற்கெனவே போதுமான அளவு வந்துவிட்டது, சிங்க் குறைவு. ஜூலையில் ஆவி ஏராளம், ஆனால் அதே ஆவி பழைய துகள்களைப் பெருக்க வைத்து சிங்க்கை ஏற்றிவிடுகிறது, கொத்தும் நிலைப்பதில்லை. "வெப்பநிலைக்கும் நிகழ்வுக்கும் தொடர்பு" என்று ஒரே எண் கேட்டால் பதில் கிடைக்காது. மாதவாரியாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பிறப்பைப் பற்றியும் கொஞ்சம். சல்பூரிக் அமிலமும் நீரும் மட்டும் சேர்ந்து தரையோரக் காற்றில் போதுமான துகளைத் தராது. ஜெனீவாவில் செர்ன் அணு ஆய்வு நிறுவனத்தின் கிளவுட் என்ற 26 கன மீட்டர் சோதனைக் கலத்தில் இதைத் துல்லியமாகச் சோதித்தார்கள். 2011இல் வந்த முடிவு: 100 பிபிடி (லட்சம் கோடியில் 100 பங்கு) அல்லது அதற்கும் குறைவான அம்மோனியா கருவாக்க வேகத்தை, அதாவது கொத்து பிறக்கும் வேகத்தை, 100 முதல் 1000 மடங்குக்கு மேல் கூட்டுகிறது, காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கும் அயனிகள் அதற்கு மேல் 2 முதல் 10 மடங்குக்கு மேல் வரை சேர்க்கின்றன. அப்படியும் தரையோரத்தில் அளந்த வேகத்தை அது எட்டவில்லை. 2013இல் அம்மோனியாவின் உறவான அமீன் வகைச் சேர்மம் டைமெத்திலமீன்: 3 பிபிடி தாண்டினாலே அம்மோனியாவைவிட 1000 மடங்குக்கு மேல். 2016இல் சல்பூரிக் அமிலமே இல்லாமல், ஆல்ஃபா பைனீன் விளைபொருட்களும் அயனிகளும் மட்டுமே துகளைப் பிறப்பிக்கும் என்று காட்டினார்கள். அயனிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: தரையில் கன செ.மீ.க்கு வினாடிக்குச் சில அயனி இணைகள்தான் பிறக்கின்றன, அதைத் தாண்டிய வேகத்தை அயனியின் கணக்கில் எழுத முடியாது.

எல்லாக் கரிம ஆவியும் உதவும் என்றும் நினைக்க வேண்டாம். அகன்ற இலைக் காடுகள் அதிகம் விடும் ஐசோபிரீன் ஓஹெச்சைத் தின்றுவிடும். அதோடு மோனோடெர்பீனிலிருந்து வரும் பெரும் இரட்டை மூலக்கூறுகள் உருவாவதையும் குறுக்கே புகுந்து குறைத்துவிடும். அமேசான் தரையருகில் புதிய துகள் பிறப்பு அரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அங்கே துகள்கள் பல கிலோமீட்டர் உயரத்தில், கடுங்குளிரில், இடிமேகம் தூக்கிச்சென்ற ஆவியிலிருந்து பிறந்து, பின்பு கீழே இறங்குகின்றன. தரையில் தடுக்கும் அதே ஐசோபிரீன் அந்தக் குளிரில் துகளுக்கு மூலப்பொருளாகிறது என்பதை 2024இல் வந்த ஆய்வுகள் காட்டின. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் கடந்த சில ஆண்டுகளின் மிக அழகான கண்டுபிடிப்பு அதுதான்.

மூடுபனி (பதில்)

ஈரப்பதம் பத்தி யாரும் சொல்லலையே, அதை நான் எடுத்துக்கறேன்.

பெரும்பகுதி அது கூட வர்றதுதான். ஈரப்பதம் ஏறின நாள்னா மேகம், வெயில் குறைவு, மழை. வெயிலைச் சமமா வெச்சு, அதாவது ஒரே கதிர்வீச்சு வரம்புக்குள்ள இருக்கற நாட்களை மட்டும் எடுத்து, அப்புறம் ஈரப்பதத்தைப் பாருங்க. தொடர்பு நல்லாவே இளைச்சுடும். ஆனா முழுசா மறையாது. ஏன்னா ஈரம் நேரடியாவும் ஒரு வேலை செய்யுது: பழைய துகள் நீரை உறிஞ்சி வீங்குது.

டி.எம்.பி.எஸ். காற்றை உலர்த்தித்தான் அளக்குது. அதனால நீங்க போடற சிங்க் உலர்ந்த துகளோட சிங்க். துகள் எவ்வளவு நீரை இழுக்கும்னு சொல்ற நீரேற்பு அளவுரு காட்டுத் துகளுக்கு 0.2ன்னு வெச்சா, 70 விழுக்காடு ஈரப்பதத்துல விட்டம் 1.14 மடங்கு, சிங்க் ஏறத்தாழ 25 விழுக்காடு கூடும். 90 விழுக்காட்டுல விட்டம் 1.4 மடங்கு, சிங்க் 1.8 மடங்கு. மேல சிங்க் நாலு மடங்கானா என்ன ஆகுதுன்னு பார்த்தீங்க. 1.8 மடங்கே பிழைக்கற பங்கை 44லிருந்து 22 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்துடும். அதனால ஈரத்திருத்தம் பண்ணாம "ஈரப்பதம் துகளைத் தடுக்குது"ன்னு எழுதிட்டா, அது சிங்க் பண்ண வேலைக்கு வேற பேர் வெச்ச மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு: மழை நேரத்துல அயனிப் பரவல் அளக்கற கருவியோட தரவைத் தொடும்போது எச்சரிக்கை. மழைத்துளி சிதறும்போது 2லிருந்து 8 நானோமீட்டர் வரை எதிர்மின் அயனிகள் திடீர்னு பொங்கும். பார்க்க நிகழ்வு மாதிரியே இருக்கும். நேர்மின் பக்கம் அதே அளவு வரலைன்னா, கூடவே மழைமானி ஏறியிருந்தா, அது துகள் பிறப்பு இல்ல.

பைன்நிழல்

மூவருக்கும் மிக்க நன்றி. சிங்க்கைப் போட்டுப் பார்த்ததும் வசந்த நாட்கள் தெளிவாகப் பிரிகின்றன. இரண்டு சந்தேகம் மீதி. ஒன்று, பெய்ஜிங், டெல்லி. சிங்க் 0.03 என்றால் மேலே உள்ள கணக்குப்படி ஒன்றுமே பிழைக்கக் கூடாதே? இரண்டு, துகள் உருவாகும் வேகத்தை எண்ணாகச் சொல்ல எந்த முறையைப் பின்பற்றுவது, அதில் எங்கே தவறு நேரும்?

சிங்க்கணக்கு

முதல் சந்தேகம் உங்களுடையது மட்டுமல்ல, துறையே இன்னும் விவாதிப்பது. சிங்க் 0.036, வளர்ச்சி மணிக்கு 4 என்று போட்டால் 1.5 நானோமீட்டரில் பிறந்த 1800 கொத்தில் ஒன்றுதான் 3 நானோமீட்டரைத் தொடும். சிங்க் 0.02 என்றால் 1.6 விழுக்காடு. பெய்ஜிங் நிகழ்வுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை நாட்களில் நடக்கின்றன: வடமேற்கிலிருந்து உலர்ந்த காற்று வீசி முந்தைய நாட்களின் புகையைத் துடைத்த பிறகு. அங்கே அமிலமும் அமீன்களும் ஏராளம், கொத்து பிறக்கும் வேகம் காட்டைவிடப் பன்மடங்கு. அதனால் 1.6 விழுக்காடு பிழைத்தாலே படம் நிறைந்துவிடும். ஷாங்காயில் சல்பூரிக் அமிலமும் டைமெத்திலமீனும் சேர்ந்து துகளைப் பிறப்பிப்பதை 2018இல் காட்டினார்கள். அமீன் கொத்துகள் குளிரில் இன்னும் உறுதியாக நிற்கும், ஆகவே பெய்ஜிங்கில் குளிர்காலம் சாதகம்.

சிங்க் இன்னும் உயர்ந்த நாட்களிலும் நிகழ்வு தெரிவதற்கு முன்வைக்கப்படும் விளக்கங்களில் எனக்கு வலுவாகப் படுவது கிளவுட் குழு 2020இல் வெளியிட்டது. வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போனால் நைட்ரிக் அமிலமும் அம்மோனியாவும் சில நானோமீட்டர் துகளின் மேலேயே நேராகப் படிந்து, மணிக்கு நூற்றுக்கணக்கான நானோமீட்டர் வேகம் வரை வளர்க்க முடியும். −15 பாகைக்குக் கீழே அவையே கருவாகவும் ஆகும். குளிர்கால நகரத்தில் வாகனப் புகையும் அம்மோனியாவும் சீராகக் கலக்காமல் திட்டுத்திட்டாக இருக்கும். அந்தத் திட்டுக்குள் சில நிமிடம் இருந்தாலே துகள் ஆபத்தான அளவைத் தாண்டிவிடும்.

டெல்லியைத் தனியாக வையுங்கள். அங்கே குளிர்கால இரவில், வெயிலே இல்லாமல், நானோ துகள்கள் வேகமாக வளர்வதை 2023இல் வந்த ஆய்வு காட்டியது. மாலைக்குப் பின் விறகும் சருகும் எரியும் புகையிலிருந்து வரும் கரிம ஆவி, வெப்பநிலை விழ விழ துகள் மேல் படிகிறது. அது வளர்ச்சி. ஒளிவேதியியல் பிறப்பு அல்ல. அந்தத் தரவை வாழைப்பழ வடிவம் என்ற ஒரே காரணத்துக்காக ஹூட்டியாலா நிகழ்வோடு ஒரே பெட்டியில் போட்டால் எல்லாத் தொடர்பும் குழம்பிவிடும்.

டெர்பீன்வாசம்

இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன்.

முதலில் நாளை வகைப்படுத்துங்கள். ஹூட்டியாலா முறையில் நான்கு நிபந்தனை: புதிய கூட்டம் தெளிவாகத் தெரிய வேண்டும், 25 நானோமீட்டருக்குக் கீழே தொடங்க வேண்டும், சில மணி நேரம் நீடிக்க வேண்டும், வளர வேண்டும். வளராமல் 10–20 நானோமீட்டரில் திடீரென்று தோன்றி மறைவது அருகிலுள்ள வண்டி அல்லது ஜெனரேட்டர் புகை. நைட்ரஜன் ஆக்சைடு அதே நிமிடத்தில் குதித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் சேராத நாளை "தீர்மானிக்க முடியாதது" என்று ஒதுக்குங்கள், வற்புறுத்தி எதிலும் திணிக்காதீர்கள்.

அடுத்து உருவாக்க வேகம். அது மூன்று பகுதியின் கூட்டல்: 3–25 நானோமீட்டர் எண்ணிக்கை கூடும் வேகம், மோதி இழந்தது, 25ஐத் தாண்டி வெளியேறியது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு மணி நேரத்தில் எண்ணிக்கை 500இலிருந்து 4100 ஆகிறது, எனவே முதல் பகுதி வினாடிக்கு 1.0. சராசரி 2300 துகள், அளவு 8 நானோமீட்டர் சுற்றி, சிங்க் 0.002 என்றால் மோதி இழந்தது 0.08. வளர்ச்சி 2 என்றால் வெளியேறியது 0.06. மொத்தம் 1.14. இங்கே திருத்தம் சிறிது. அதே எண்ணிக்கை சிங்க் 0.036 உள்ள நகரத்தில் என்றால் மோதி இழந்தது மட்டும் 1.35, அளந்ததைவிட அதிகம். நகரத் தரவில் இந்தப் பகுதியை விட்டுவிட்டு எண்ணிக்கை கூடும் வேகத்தை மட்டும் எழுதினால் விடை பாதிக்கும் கீழே போய்விடும்.

வளர்ச்சி வேகத்துக்கு 3–7, 7–25 என்று தனித்தனியாகக் கோடு போடுங்கள். ஒரே கோடு போட்டால் மேலே சொன்ன கெல்வின் தடை கண்ணில் படாது. காற்றுத்திசை நடுவில் மாறினால் அந்த இடத்தோடு கணக்கை நிறுத்திவிடுங்கள். வேறு காற்று வந்து வேறு அளவுத் துகளைக் காட்டும்போது துகள் வளர்ந்ததுபோலவோ சுருங்கியதுபோலவோ தெரியும்.

நேரத்தில் இரண்டு பொறி. ஸ்மார்ட்ஸ்மியர் நேரம் ஆண்டு முழுவதும் பின்லாந்தின் குளிர்கால நேரம். கோடையில் அங்கே கடிகாரம் அதைவிட ஒரு மணி முன்னால் ஓடும். மற்றது, 1.5இலிருந்து 3 நானோமீட்டர் வர மணிக்கு 1–2 வேகத்தில் முக்கால் முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். 3 நானோமீட்டர் எண்ணிக்கையை அதே நிமிடத்துக் கதிர்வீச்சோடு பொருத்தினால் தொடர்பு பலவீனமாகத்தான் வரும். இந்தத் தாமதத்தை நகர்த்திவிட்டுப் பொருத்துங்கள்.

கருவிப் பக்கம்: 3 நானோமீட்டரில் துகள்களில் ஏறத்தாழ 1.3 விழுக்காடுதான் கருவி எண்ணும் குறியில் மின்னேற்றம் பெறும், 10 நானோமீட்டரில் 5 விழுக்காடு. கருவி எண்ணுவது அந்தச் சிறுபங்கை, மீதி கணக்கில் பெருக்கி வருவது. எனவே அடித்தட்டில் வரும் ஒற்றைப் புள்ளித் துடிப்புகளை நம்ப வேண்டாம், மூன்று நான்கு சுற்று தொடர்ந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு இடத்தில் சொந்தமாக அளக்கும்போது குழாய் முக்கியம். 2 மீட்டர் குழாயில் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓட்டினால் 3 நானோமீட்டர் துகளில் 36 விழுக்காடுதான் மறுமுனை வரும். 10 லிட்டர் ஓட்டி, கருவி அருகில் அதன் நடுவிலிருந்து மாதிரி எடுத்தால் அந்த 2 மீட்டரில் 82 விழுக்காடு வந்துசேரும். சீரான ஓட்டத்தில் குழாயின் விட்டத்தை மாற்றிப் பயனில்லை, நீளமும் ஓட்டமும்தான் கணக்கு. ரப்பர் குழாயும் கூர்மையான வளைவும் கூடாது, துருப்பிடிக்காத எஃகு போடுங்கள். கருவிக்குள் துகள்களைச் சூழ்ந்து ஓடும் உறைக்காற்றின் உலர்த்தியைப் பார்த்து 40 விழுக்காடு ஈரப்பதத்துக்குக் கீழே வையுங்கள். அது ஏறினால் அளவுகள் நகரும். எண்ணும் கருவியில் உள்ள பியூட்டனால் என்ற ஆல்கஹாலும் நீரை உறிஞ்சிக்கொள்ளும், ஈரமான பருவத்தில் அடிக்கடி வடித்து மாற்ற வேண்டும்.

சல்பர் டை ஆக்சைடு அளவியும் அப்படியே. நகரக் கண்காணிப்புக்கான சாதாரணக் கருவியின் கண்டறியும் வரம்பே 1 பிபிபி அளவில் இருக்கும். 0.1–0.3 பிபிபி உள்ள காட்டில் அது காட்டுவது இரைச்சல். நுண்ணளவுக்கான கருவியின் தரவு கிடைத்தால் மட்டும் அமிலத்தைக் கணக்கிடுங்கள்: சல்பர் டை ஆக்சைடு பெருக்கல் கதிர்வீச்சு வகுத்தல் ஈரத்திருத்தம் செய்த சிங்க், அரை மணிச் சராசரி, காலை 8 முதல் பகல் 1 வரை. கிடைக்கும் எண்ணைச் செறிவு என்று எழுதாதீர்கள், நாட்களுக்கிடையே ஒப்பிடும் குறியீடாக மட்டும் வையுங்கள்.

பிறகு ஒரே ஒரு படம் போடுங்கள். கிடையச்சில் சிங்க், நெட்டச்சில் இந்தக் குறியீடு, இரண்டும் மடக்கை அளவில். நிகழ்வு நாட்களுக்கு ஒரு நிறம், நிகழ்வில்லாத நாட்களுக்கு வேறு நிறம், தீர்மானிக்க முடியாதவற்றுக்குச் சாம்பல். மார்ச்–மே, ஜூன்–ஆகஸ்ட் தனித்தனியாக. வகுக்கும் இடத்தில் சிங்க் ஏற்கெனவே இருப்பதால் இரண்டு அச்சும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை மறக்க வேண்டாம்; சந்தேகம் வந்தால் சிங்க்கால் வகுக்காத உற்பத்தியை, அதாவது சல்பர் டை ஆக்சைடு பெருக்கல் கதிர்வீச்சை மட்டும், நெட்டச்சில் வைத்து இன்னொரு முறை போடுங்கள். கோடைப் படத்தில் குறியீடு உயர்ந்தும் நிகழ்வில்லாத நாட்கள் தனியாக நிற்கும். அவற்றின் வெப்பநிலையையும் காற்றுத்திசையையும் எடுத்து இங்கே போடுங்கள், அடுத்து அதைப் பார்க்கலாம்.